யார் கொன்னான்னு கேளு: டர்போவும் ஒரு மெல்லிய தகடும்

கராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம் பலருக்கும் தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பையனின் டர்போ காடி அங்கேதான் நின்றுபோனது. வெள்ளைப் புகை, சூடு முள் சிவப்பில். இழுவை லாரியில் ஏற்றி மாமாவின் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். மாமா போமேன். ஃபோர்மேன் என்ற ஆங்கிலச் சொல் மலாய் வாயில் புகுந்து போமேன் ஆகி, இந்த நாட்டில் கார் மெக்கானிக் எல்லாருக்கும் பெயராகிவிட்டது. என்ஜின் முழுக்க ஆறும்வரை மாமா எதையும் தொடவில்லை. பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதன் உள்பக்கத்தைக் காட்டினார். பழுப்பு நுரை.

“பாத்தியா, தே தாரிக். தண்ணியும் எண்ணெயும் கலந்திருச்சு.”

“கேஸ்கெட் செத்துப்போச்சா அங்கிள்?” என்றான் பையன்.

“செத்துப்போச்சுன்னு சொல்லாதடா. யாரு கொன்னான்னு கேளு.”

அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் ஒரு நூற்றாண்டு வரலாறு விரிகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

என்ஜினின் அடிப்பகுதி பிளாக், மேல்பகுதி ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு, அதுதான் ஹெட் கேஸ்கெட். சிலிண்டரில் எரியும் வாயு, ஓடும் எண்ணெய், குளிர்விக்கும் தண்ணீர் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் காப்பது அதன் வேலை. கார் டயரில் இருப்பது ஏறக்குறைய இரண்டு பார் அழுத்தம். சாதாரண பெட்ரோல் என்ஜினில் எரியும் கணத்தில் எழும் அழுத்தம் ஐம்பது அறுபது பார். டர்போ என்ஜினில் அது நூறையும் தாண்டலாம். நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை இப்படி அடி விழுகிறது. ஹெட்டை அழுத்திப் பிடித்திருப்பவை சில போல்ட்டுகள் மட்டும்தான்.

டர்போவின் கதை கப்பலிலும் விமானத்திலும்தான் தொடங்கியது. கார் பின்னால் வந்தது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். யோசனை எளிமையானது. புகைக் குழாயில் வீணாகப் போகும் சூட்டையும் வேகத்தையும் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்று. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளட்டும். காற்று கூடினால் எரிபொருளும் கூடும், பலமும் கூடும். அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம் அப்போது இல்லை. இருபது ஆண்டுகள் கழித்துத்தான் கப்பல்களின் டீசல் என்ஜின்களில் அது உருப்படியாக வேலை செய்தது.

இடையில் 1918இல், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ் ஒரு விமான என்ஜினை லாரியில் ஏற்றி, 14,000 அடிக்கு மேலான பைக்ஸ் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். அங்கே காற்று மெலிந்தது. என்ஜின் மூச்சுத் திணறும். டர்போ பொருத்தியதும் இழந்த பலம் திரும்பியது. இரண்டாம் உலகப் போரின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் உயரத்தில் பறந்ததற்கு இந்தச் சோதனையின் வழிவந்த டர்போக்கள் துணை நின்றன.

காருக்கு அது வந்தது 1962இல். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், ஷெவ்ரொலே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர் என்ற இரு கார்கள் டர்போவோடு விற்பனைக்கு வந்தன. இரண்டில் ஜெட்ஃபயரின் கதைதான் நமக்கு முக்கியம்.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான கலவை பொறி வந்த பின் தாறுமாறாக வெடிக்கும். நாக்கிங் என்பது அதுதான். சீரான எரிதல் பிஸ்டனைத் தள்ளும். நாக்கிங் அதைச் சுத்தியலால் அடிக்கும். அந்த அடி ஹெட்டை மயிரிழை தூக்கும், கேஸ்கெட்டின் விளிம்பைத் தின்னும். ஜெட்ஃபயரின் அமுக்க விகிதம் 10.25:1. டர்போ என்ஜினுக்கு அந்தக் காலத்தில் அது மிக அதிகம். அதனால் பொறியாளர்கள் வடிநீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளித்துக் கலவையைக் குளிரவைத்தார்கள். திரவத்துக்குத் தனித் தொட்டி இருந்தது. காலியானால் நிரப்ப வேண்டியது ஓட்டுநரின் வேலை. பலர் நிரப்பவில்லை. இரண்டே ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. பிறகு நிறுவனமே பல கார்களின் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது.

இயந்திரம் மனிதனின் ஒழுங்கை நம்பி நிற்கக்கூடாது என்ற பாடத்தை முழுமையாகக் கற்றது சுவீடனின் சாப் நிறுவனம். 1977இல் அறிமுகமான சாப் 99 டர்போவின் அமுக்க விகிதம் 7.2:1 மட்டுமே. அழுத்தம் அளவு மீறினால் புகையைத் திசைதிருப்பும் வேஸ்ட்கேட் அதில் இருந்தது. சில ஆண்டுகளில் நாக்கிங்கைக் கேட்கும் ஒரு காதையும், அதாவது சென்சாரையும், என்ஜினில் பொருத்தினார்கள். சத்தம் கேட்டவுடன் அது தானே அழுத்தத்தைக் குறைக்கும். பந்தயத்தில் கதை வேறு. 1977இல் சில்வர்ஸ்டோனில் டர்போவோடு இறங்கிய ரெனோ, அடிக்கடி புகைவிட்டு நின்றதால் ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்று கேலிப்பெயர் பெற்றது. இரண்டு வருடம் கழித்து 1979இல் அதே ரெனோ பிரெஞ்சு கிராண்ட் பிரீயை வென்றது.

நம் ஊருக்கு டர்போ வந்த வழி தனி. ஜப்பானில் கார் பழசாக ஆக கட்டாயச் சோதனைச் செலவு கூடும் என்பதால், நன்றாக ஓடும் கார்களையும் சீக்கிரமே கைவிடுவார்கள். அவற்றின் முன்பாதியை அறுத்து கொள்கலனில் அனுப்புவார்கள். அதுதான் ஹாஃப்-கட். 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1993இல் வந்த வீராவும் மிட்சுபிஷி வழிவந்தவை. 1994இல் வந்த கஞ்சில் டைஹட்சு மீராவின் பிள்ளை. எனவே ஜப்பானிய டர்போ என்ஜின்கள் அதிகத் தொல்லையில்லாமல் இவற்றுக்குள் உட்கார்ந்தன. 660 சிசி கஞ்சிலுக்குள் 64 குதிரைத்திறன் கொண்ட மீரா டர்போவைத் திணித்தால் பலம் ஏறக்குறைய இரு மடங்கு. சம்பளம் குறைந்த இளைஞனுக்கு எட்டிய வேகம் அது ஒன்றுதான். கூடவே ஒரு சிக்கலும் வந்தது. என்ஜின் வந்தது, அதன் கையேடு வரவில்லை. வந்தாலும் ஜப்பானிய மொழியில். எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதைப் பட்டறைகள் உடைத்து உடைத்தே கற்றன.

பையனின் காடியை மாமா பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஹெட் போல்ட்டுகளை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒரேயடியாக அவிழ்த்தால் ஹெட் வளையும். கழற்றிய ஹெட்மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் தகடு போகக்கூடாத இடத்தில் 0.15 போனது. “சமோசா மாதிரி வளைஞ்சிருக்கு.” ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு அனுப்பி விரிசல் சோதித்து, முகத்தைச் சீவி எடுத்துவந்தார். சீவினால் அமுக்க விகிதம் ஏறும், டர்போவுக்கு அது ஆகாது. அதனால் அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் தேடினார்.

பழைய கேஸ்கெட்டை விளக்கில் காட்டினார். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே ஓரம் கருகி அரித்திருந்தது. பிஸ்டன் விளிம்பில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள்.

“இது நாக்கிங் வேலை. பூஸ்ட ஏத்துனியா?”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். விசாரித்ததில் இது இரண்டாவது முறை என்று தெரிந்தது. முதல்முறை வேறொரு இடத்தில் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். ஹெட்டை அளக்கவில்லை, பூஸ்ட்டைப் பற்றிக் கேட்கவுமில்லை.

பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தை மாமா பிளாஸ்டிக் கத்தியாலும் ரசாயனத்தாலும் பொறுமையாக எடுத்தார். “மெஷின்ல தேச்சா சீக்கிரம் முடியுமே மாமா?” என்றேன். தேய்த்த தூள் எண்ணெயில் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும் என்றார். சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். “அந்தக் காலத்துல பிளேடால சொரண்டுவோம், காத்தடிச்சு ஊதுவோம். மூஞ்சியெல்லாம் தூசி.”

அந்தத் தூசி கல்நார். செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்த கேஸ்கெட்டுகள் பல பத்தாண்டுகள் உலகெங்கும் புழங்கின. சூட்டைத் தாங்கும், மலிவு. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது புதுச் செய்தியல்ல. தன் கல்நார் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்த 1931இலேயே பிரிட்டன் விதி கொண்டுவந்தது. அப்போது மலாயாவை ஆண்டதும் அதே பிரிட்டன்தான். பல பத்தாண்டுகள் கழித்து, சுதந்திர நாட்டில் ஸ்பேனர் பிடித்த என் மாமாவிடம்கூட யாரும் இதைச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கல்நாரை முற்றாகத் தடுத்தது 2005இல். மாமாவுக்குத் தீராத இருமல் உண்டு. சிகரெட்டும் பிடித்தவர். காரணம் இன்னதென்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் நம் கதைகளில் பால்மரம் வெட்டியவரின் நெஞ்சுவலி வருமளவுக்கு, கேஸ்கெட் சுரண்டியவரின் இருமல் வருவதில்லை.

கல்நார் போன இடத்துக்கு கிராஃபைட் வந்தது. பிறகு பல அடுக்கு எஃகுத் தகடு வந்தது. அதன் புடைப்புகள் வில்போல அமுங்கி எழுவதால், ஹெட் சற்றே தூக்கினாலும் இடைவெளி விடாது. ஆனால் அதற்குக் கண்ணாடிபோல வழவழப்பான முகம் வேண்டும். அதைத்தான் மாமா மாட்டினார். போல்ட் குழிகளைத் துடைத்து உலர்த்தினார். அடியில் எண்ணெய் தேங்கினால் முறுக்கும்போது பிளாக்கே விரியும். புதுப் போல்ட்டுகள், இந்த முறை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக. முதலில் டார்க் ரெஞ்சில் அளவு, பிறகு கோணக் கணக்கு. எண்ணெயை மாற்றி, ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றி, கடைசியாகப் பூஸ்ட்டைப் பழைய அளவுக்கு இறக்கினார்.

“அங்கிள், கொஞ்சமாச்சும் ஏத்தி வைக்கலாமா?”

“ஏத்தலாம். பெட்ரோல், இன்டர்கூலர், டியூனிங் எல்லாத்தையும் ஏத்திட்டு அப்புறம் அத ஏத்து. ஒண்ண மட்டும் ஏத்துனா இன்னொண்ணு செத்துப்போவும்.”

பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப்போடவில்லை. சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு தொங்கின. ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் ஒரு வார்த்தை எழுதியிருந்தது: சூடு, தண்ணி இல்ல, போல்ட் லூசு. புதியதில் ‘நாக்கிங்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். ஜெட்ஃபயரையோ பூஹியையோ மாமா படித்ததில்லை. ஆனால் அந்தச் சுவரும் ஒரு வரலாற்றுப் புத்தகம்தான். நம்மில் யாரும் இன்னும் படியெடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.