மறைத்த ஏடும் உரைத்த பாடலும்

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் அரசாங்க ஆவணங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஏட்டில் ஏறியது உண்மை என்று நம்பிப் பழகிவிட்டோம். ஆனால், ஏடு எழுதிய கையே அநீதி இழைத்த கையாகவும் இருந்துவிட்டால் உண்மை எங்கே போய்த் தங்கும்? ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் வரலாற்றில் அது ஒரு பாடகரின் நெஞ்சிலே தங்கியிருந்தது. அவர்தாம் ஆர்ச்சி ரோச்.

ஆர்ச்சி ரோச் 1956ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் விக்டோரியா மாநிலத்து மூருப்னா என்னும் ஊரில் பிறந்தார். குண்டிச்மாரா, பண்ட்ஜலங் என்னும் இரு பழங்குடிகளின் வழித்தோன்றல் அவர். அவருடைய குடும்பம் அம்மாநிலத்தின் தென்மேற்கிலுள்ள ஃபிராம்லிங்ஹாம் குடியிருப்பில் வாழ்ந்து வந்தது. பேச்சுத் திருந்தாத சிறு வயதிலேயே அரசு அதிகாரிகள் அவரையும் உடன்பிறந்தாரையும் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டு சென்றனர்.

இஃது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த கொடுமை அன்று. விக்டோரியாவில் 1869ஆம் ஆண்டிலேயே பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பெயரிலே பாதுகாப்பு இருந்தது. ஆனால் பழங்குடிப் பிள்ளைகள் எங்கே, யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. பிற மாநிலங்களும் அவ்வழியே சென்றன. வெள்ளையர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்ந்தால் பிள்ளைகள் தம் மொழியையும் இனத்தையும் மறந்து வெள்ளையர் சமுதாயத்தில் கரைந்துவிடுவர் என்பதே ஆட்சியாளரின் கணக்கு. இவ்வாறு பறிக்கப்பட்டோரைத்தான் இன்று ‘களவாடப்பட்ட தலைமுறையினர்’ என்று வரலாறு அழைக்கிறது.

சிறுவன் ஆர்ச்சி முதலில் அநாதை இல்லத்திலும், பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ப்புக் குடும்பங்களிலும் விடப்பட்டான். இறுதியாக அவனை ஏற்ற மெல்போர்ன் குடும்பத்தார் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள், அன்பு மிக்கவர்கள். பையனைப் பெற்றவர்கள் வீடு தீப்பற்றியதில் மாண்டுவிட்டனர் என்று அதிகாரிகள் சொன்னதை அவர்கள் உண்மை என்றே நம்பினர். அவ்வீட்டில் இசை இருந்தது. அங்கேதான் அவன் பாடவும் இசைக்கவும் கற்றான். அக்குடும்பத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு வளர்ந்தான். பிற்காலத்தில் புகழ்பெற்றபோதும் அவர்களை அவர் அன்புடனேயே நினைவுகூர்ந்தார் என்பது அவருடைய பண்பைக் காட்டும்.

பதினைந்து வயதளவில், பள்ளியின் ஒலிபெருக்கியில் ஆர்ச்சிபால்ட் வில்லியம் ரோச் என்னும் மாணவனை அலுவலகத்துக்கு வருமாறு அழைத்தனர். ரோச் என்ற குடும்பப் பெயரில் அங்கே யாரும் இல்லை. ஆயினும் அப்பெயர் அவன் உள்ளத்தில் ஏதோ ஒன்றை அசைத்தது. எழுந்து சென்றான். அங்கே அவனுக்காக ஒரு கடிதம் காத்திருந்தது. எழுதியவர் அவனுடைய உடன்பிறந்த சகோதரி. அவர்களைப் பெற்ற தாய் ஒரு வாரத்துக்கு முன்னர்க் காலமானார் என்பதே அதில் இருந்த செய்தி.

தீயில் மாண்டதாகச் சொல்லப்பட்ட தாய் அத்தனை ஆண்டுகளும் உயிரோடு இருந்திருக்கிறார்! தாய் இருக்கிறார் என்பதும் தாய் இறந்துவிட்டார் என்பதும் ஒரே கடிதத்தில் ஒரு பிள்ளையை வந்தடைந்த கொடுமையை நாம் என்னென்பது!

அதன்பின் அவரால் அவ்வீட்டில் தரித்திருக்க இயலவில்லை. உறவுகளைத் தேடிப் புறப்பட்டார். தெருவோரமே வீடாயிற்று, மது துணையாயிற்று, சிறைவாசமும் நேர்ந்தது. இளவயதில் அடிலெய்டு நகரத்துத் தருமவிடுதி ஒன்றில் ரூபி ஹன்டர் என்னும் பெண்ணைச் சந்தித்தார். ஙாரின்ஜெரி பழங்குடியைச் சேர்ந்த அவரும் எட்டு வயதில் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டவரே. வீடிழந்த இருவர் இணைந்து ஒரு வீட்டை உருவாக்கினர். மதுவின் பிடியிலிருந்து மீண்டனர். தம் பிள்ளைகளோடு ஆதரவற்ற பிற பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தனர்.

பழங்குடி முதியவர் பாஞ்சோ கிளார்க், ஃபிராம்லிங்ஹாமிலிருந்து பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்ட நாளைப் பற்றி ஆர்ச்சியிடம் எடுத்துரைத்து, அதனைப் பாடலாக்குமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாறு பிறந்ததே ‘அவர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள்’ என்னும் பொருளில் அமைந்த தலைப்பையுடைய அப்புகழ்பெற்ற பாடல். அரசாங்க ஏடு மறைத்ததை ஒரு முதியவரின் நினைவு காத்து வைத்திருந்தது. ஒரு பாடகரின் குரல் அதை ஊரறியச் செய்தது.

1980களின் இறுதியில், பாடகர் பால் கெல்லி மெல்போர்ன் இசையரங்கில் நடந்த தம் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் பாடுமாறு ஆர்ச்சியை அழைத்தார். இப்பாடல் முடிந்ததும் அரங்கில் பேரமைதி நிலவியது. தம் பாடல் யாருக்கும் பிடிக்கவில்லை என்றெண்ணிய ஆர்ச்சி மேடையைவிட்டு நடக்கத் தொடங்கினார். அப்போதுதான் மெல்ல எழுந்த கைதட்டல், மழை வலுப்பதுபோல் வலுத்து அரங்கை நிறைத்தது. பால் கெல்லி இசைத்தட்டு வெளியிட முன்வந்தபோதும் ஆர்ச்சி தயங்கினார். இஃது உங்கள் ஒருவரைப் பற்றியது மட்டுமன்று, நம் மக்களுள் எத்தனை பேருக்கு இவ்வாய்ப்புக் கிட்டும் என்று ரூபி இடித்துரைத்த பின்னரே இசைந்தார். 1990இல் ‘சார்க்கோல் லேன்’ என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. அது மெல்போர்ன் மாநகரின் ஃபிட்ஸ்ராய் பகுதியில் பழங்குடி மக்கள் கூடிய ஒரு சந்தின் பெயர். மனித உரிமைக்கான விருதும் அப்பாடலைத் தேடி வந்தது.

பாடல் ஒரு மனிதரின் சோகத்தை மட்டுமா சொன்னது? பழங்குடியினர் காவலில் இறந்ததை ஆராய்ந்த அரசு ஆணையம் 1991இல் தன் பணியை முடித்தது. அது ஆராய்ந்த 99 இறப்புகளில் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்டவர்கள். பின்னர், பிள்ளைகள் பறிக்கப்பட்டது குறித்தே விசாரித்த மனித உரிமை ஆணையத்தின் அறிக்கை 1997இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, பழங்குடிப் பிள்ளைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை பலவந்தமாகப் பிரிக்கப்பட்டனர் என அவ்வறிக்கை மதிப்பிட்டது. அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட் இணங்கவில்லை. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள்தான் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து நாட்டின் பெயரால் மன்னிப்புக் கோரினார். பாடல் ஏழாண்டு முந்தியது, அறிக்கை பின்தொடர்ந்தது. மன்னிப்போ பாடலுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்தே வந்தது.

2010 பிப்ரவரியில் ரூபி மறைந்தார். அவ்வாண்டே ஆர்ச்சி பக்கவாதத்தால் தாக்குண்டார். அடுத்து நுரையீரல் புற்றுநோய் கண்டது. கைவிரல்களையும் மூச்சையும் மீண்டும் பழக்கிக்கொண்டு அவர் மேடையேறினார். பழங்குடி இளைஞருக்காக அறக்கட்டளை நிறுவினார். 2020இல் ஆஸ்திரேலிய இசைத்துறையின் உயரிய சிறப்புப் பட்டியலில் இடம்பெற்றபோது, மூக்கில் மூச்சுக்காற்றுக் குழாயுடன் அதே பாடலைப் பாடினார். 2022ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், தம் 66ஆம் வயதில், வார்னம்பூல் நகரில் காலமானார்.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பலரிடையே இறந்தவரின் பெயரை உச்சரிக்காதிருத்தல் மரபு. ஆனால் ஆர்ச்சியின் மைந்தர்கள், தந்தையின் பெயரையும் உருவத்தையும் உலகம் தொடர்ந்து வழங்கலாம் என்று இசைவளித்தனர். ஒருகாலத்தில் அவரிடமிருந்தே மறைக்கப்பட்ட பெயர் அது. பள்ளியின் ஒலிபெருக்கியில் அந்நியமாக ஒலித்த அப்பெயரை, அவருடைய பிள்ளைகளின் இசைவோடு இன்று நாமும் உரக்கச் சொல்கிறோம்: ஆர்ச்சி ரோச்.