பாட்டுக்கு இட்ட பூட்டு

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்கு அருணகிரிநாதரைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 15ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய திருப்புகழ் பல ஊர்களில், பல வீடுகளில் ஓலைகளில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. வ. த. சுப்பிரமணிய பிள்ளை அவ்வேடுகளைத் தேடித் தொகுத்து 1894இல் முதற்பகுதியை அச்சிட்டார். ஓர் ஏட்டைக் கறையான் அரித்தாலும் மற்றொன்று இருந்தது. படியெடுத்தலே அப்பாடல்களுக்குக் காவல்.

கணிப்பொறி வழியே இசை விற்க வந்தவர்களோ படியெடுத்தலைத் தடுப்பதையே காவலாகக் கொண்டனர். விலை கொடுத்து வாங்கிய பாட்டும் நிறுவனம் தரும் சாவியின்றித் திறவாது. கலைஞர்க்கு ஊதியம் வேண்டும், களவு களவே. ஆயினும் துன்பம் யாரைச் சேர்ந்தது? 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் இசைத்தட்டுகள் சில, வாங்கியவரின் கணிப்பொறிக்குள் ஒரு மென்பொருளை ஒளித்து வைத்தன. தீய நிரல்கள் பதுங்கவும் அது இடந்தந்தது. எதிர்ப்பு வலுக்கவே தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 2008இல் யாகூ தன் இசைக்கடையை மூடிச் சாவி வழங்குவதையும் நிறுத்திற்று. புதுக் கணிப்பொறி வாங்கியவர் பழைய பாட்டை அதற்கு மாற்ற இயலவில்லை. ஈடு செய்ய அந்நிறுவனம் முன்வந்ததையும் சொல்லவேண்டும். களவாகப் படியெடுத்தவனுக்கோ ஒரு குறையும் இல்லை! 2009இல் ஆப்பிள் தான் விற்ற பாடல்களின் பூட்டை அகற்றிற்று.

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், உரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்போர்க்கு ஈராண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டம் விலக்காத காரியத்துக்காகத் திறப்பதை அது தடுக்கவில்லை.

மாதக் கட்டணம் நின்ற மறுநாள், என் பேரன் கைப்பேசியில் சேமித்திருந்த திருப்புகழ் ஒலிக்க மறுத்தது. அலமாரியிலிருந்த பழைய அச்சு நூலை எடுத்துக் கொடுத்தேன்.