ஒரு சத்தியத்தின் இருநூறு ஆண்டுப் பயணம்

தேவதானப்பட்டி முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை தேனி மாவட்டம் இன்று மதுரை உயர்மறைமாவட்டத்துக்குள் அடங்குகிறது. பழைய மதுரை மிஷனின் வழிவந்தது அது. அந்த மிஷனில் ஊழியம் செய்ய வந்த ஐரோப்பியக் குருக்கள் ஒரு காலத்தில் ஒரு சத்தியம் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. விசுவாசத்தில் பிழை கலக்காமல் காக்கவென்று உரோமை விதித்த சத்தியம் அது.

அதன் விதை 1606-ல் விழுந்தது. மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் குல அடையாளங்களே, வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். எதிர்ப்பு உரோமை வரை போனது. 1623-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை நிபந்தனையோடு அனுமதித்தார்.

எண்பது ஆண்டுகள் கழித்துக் காற்று திசை மாறியது. 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வந்திறங்கினார். மதுரை மிஷனின் உள்நாட்டு ஊர்கள் எதையும் பார்க்காமலே, 1704 ஜூனில் பதினாறு விதிகள் கொண்ட ஆணையில் கையெழுத்திட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. திருமணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பூப்புச் சடங்கைக் கொண்டாடக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர் இந்துக் கோயில் விழாவில் வாசிக்கக் கூடாது. மாதவிலக்கான பெண்ணைக் கோவிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வராமல் தடுக்கக் கூடாது என்றும் ஆணை சொன்னது.

மதுரை மிஷனை நடத்திவந்த இயேசு சபையார் மேல்முறையீடு செய்தார்கள். வழக்கு உரோமையில் பல்லாண்டுகள் நடந்தது. 1739-ல் பன்னிரண்டாம் கிளெமெண்ட் இந்த விதிகளைக் கடைப்பிடிப்பதாகக் குருக்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். 1744 செப்டம்பர் 12 அன்று பதினான்காம் பெனடிக்ட் தம் ஆணை மடலால் வழக்கை முடித்துவைத்தார்.

பதினாறில் ஒரு விதியை நான் தலைவணங்கி வாசிக்கிறேன். நோயுற்ற பறையரை வீட்டுக்கே போய்ப் பார்த்து அருட்சாதனம் தர வேண்டும் என்பது அது. அதுவரை அவர்களைக் கோவிலுக்கோ வேறிடத்துக்கோ தூக்கிவரச் சொல்லும் வழக்கம் இருந்தது. சந்தனமும் தேங்காயும் விசுவாசத்தைக் கெடுக்குமா என்று அறிஞர்கள் வாதிடலாம். சாகக் கிடப்பவரின் வாசற்படியைத் தாண்ட மறுப்பது கெடுக்கும் என்பதில் வாதமே இல்லை. ஆனால் உரோமை வளைந்துகொடுத்தது இந்த இடத்தில்தான். பறையருக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டை 1744 மடல் ஏற்றுக்கொண்டது. பிரிவினை குருத்துவத்துக்குள்ளேயே இடம்பிடித்தது.

மறு ஆண்டே, 1745-ல், வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாட்டைத் தாண்டி எல்லோரும் சமம் என்று வற்புறுத்தியவர் என்று அவரைத் திருச்சபை போற்றுகிறது. அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் கட்டிய ஆலயம் சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்காரவைத்தது. நடுவே நின்ற சுவர் 1910-ல்தான் இடிபட்டது. சடங்குகளுக்கு எதிராகக் காவல் காத்த சத்தியம் அப்போதும் நடைமுறையில் இருந்தது.

1940 ஏப்ரலில், பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில், உரோமை அந்தச் சத்தியத்தை நீக்கியது. மதுரை தனி மறைமாவட்டமாகி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார்.

விசுவாசத்தைப் பிழையிலிருந்து காப்பது திருச்சபையின் கடமை. அதில் எனக்கு ஐயமில்லை. தமிழ் மண்ணில் அந்தப் பிழையின் பெயர் சாதி. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி இருந்தால், தேர்ப்பவனி சில தெருக்களைத் தவிர்த்தால், அதைத் திருத்த இன்னொரு ஆணை உரோமையிலிருந்து வரக் காத்திருக்காதீர்கள். 1704-லேயே வந்துவிட்டது.