ஊராட்சி முத்திரையிலிருந்து சார்பதிவாளர் மேசைக்கு: திண்டிவனம்–விழுப்புரம் சாலையோர ஊர்களில் மனைப்பிரிவு அனுமதியின் வரலாறு

முன்னுரை

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள ஊர் கூட்டேரிப்பட்டு. மயிலம் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலை இங்கேதான் பிரிகிறது. இத்தகைய சந்திப்பு ஊர்களில் மனை வாங்க வருபவர் புரோக்கரிடம் விலைக்கு முன்பே கேட்பது, “பஞ்சாயத்து அப்ரூவலா, டிடிசிபி அப்ரூவலா?” என்பதைத்தான் (டிடிசிபி என்பது நகர் ஊரமைப்புத் துறை). விளைநிலம் மனையாகலாமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் ஊராட்சியிடமிருந்து படிப்படியாக நழுவிவிட்டது. மனைகளுக்குத் தண்ணீரும் விளக்கும் தரும் கடமை மட்டும் ஊராட்சியிடமே நின்றுவிட்டது. இந்த நிலை எப்படி உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டமும் நடைமுறையும்

1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம், பெயருக்கேற்ப, நகரங்களையே முதன்மையாகக் கருதியது. அதற்கு மாற்றாக வந்த தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 (1972ஆம் ஆண்டின் 35ஆவது சட்டம்) ஊர்ப்புறத்தையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் திட்டப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே நில உபயோக வரைபடம் உருவானது. அறிவிக்கப்படாத ஊர்களில், எந்த நிலம் வயலாகவே இருக்க வேண்டும், எது வீடாகலாம் என்று காட்டும் வரைபடமே இல்லை.

73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் நிறைவேறியது. அதன்கீழ் 1997இல் கட்டட விதிகள் வந்தன. மனைப்பிரிவுக்கு ஊராட்சி அனுமதி அளிக்கலாம்; ஆனால் நகர் ஊரமைப்புத் துறையின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் பல இடங்களில் அந்த இசைவு கேட்கப்படவே இல்லை. வரைபடத்தில் தலைவரின் கையெழுத்தும் ஊராட்சி முத்திரையும் விழுந்தால் அதுவே ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ ஆனது. பத்திரம் பதியும்போது அனுமதி உண்டா என்று பார்க்கும் பொறுப்பு சார்பதிவாளருக்கு இல்லாததால், முத்திரையின் செல்லுபடியை யாரும் சோதிக்கவில்லை. 2000க்குப் பின் நெடுஞ்சாலை நான்கு வழியானதும், சாலையோரப் புன்செய்கள் வேகமாகக் கல் நட்ட மனைகளாயின.

ஒரு பத்திரத்தின் சொத்து விவரம்

இக்காலப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் வழக்கமாகக் காணப்படும் வாசகத்தைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். புல எண், மனை எண், கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி, ஆக 1,200 சதுர அடி. வடக்கே 20 அடி பொதுப்பாதை. மனை வாங்கியவர் பெயருக்கு மாறிவிடும். ‘பொதுப்பாதை’ மட்டும் பழைய உரிமையாளரின் பட்டாவிலேயே கிடக்கும். முறையான அனுமதியில் பாதையும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வந்து சேர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காடு நிலம் பொது ஒதுக்கீடாக விடப்பட வேண்டும். தானப் பத்திரம் இல்லாத பாதை ஊராட்சியின் சொத்தாகாது. அதில் தார் போடவோ வாய்க்கால் வெட்டவோ சட்டப்படி வழியில்லை. மழைநீர் தேங்கும்போது மக்கள் முறையிடுவது மட்டும் ஊராட்சித் தலைவரிடம்தான்.

2016: திருப்புமுனை

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி ஆர். மகாதேவன் அமர்வு, அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தில் மாநில அரசு முன்பே இயற்றி நடைமுறைப்படுத்தாமல் வைத்திருந்த 22-ஏ பிரிவு, அக்டோபர் 20 அன்று செயலுக்கு வந்தது. உரிய அனுமதியில்லாத புது மனையின் பத்திரத்தைச் சார்பதிவாளர் இனி மறுத்தாக வேண்டும். முன்னரே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. பல்லாண்டு காலத் திட்டமிடல் சட்டம் சாதிக்காததைப் பதிவு மேசை சாதித்தது.

அதே மாதத்தில் நடந்த மற்றொன்று அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. அக்டோபர் 24 அன்று ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். மற்ற பல மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தது. மறுவரையறைக்கு உள்ளான விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன.

2017 மே 4 அன்று வெளியான வரன்முறை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் இந்த இடைவெளியில்தான். 2016 அக்டோபர் 20க்குள் ஒரு மனையாவது பதிவாகியிருந்தால், கட்டணம் செலுத்தி அந்த மனைப்பிரிவை வரன்முறைப்படுத்தலாம், நீர்நிலைகளுக்கு இடமில்லை. எந்த வயல் மனையாக நிலைக்கும் என்ற தீர்ப்புகள் விழுப்புரத்து ஊர்களில் எழுதப்பட்டபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ வார்டு உறுப்பினரோ எங்கும் இல்லை.

அதன்பின் 2017இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் 2019இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் வந்தன. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்குச் சுயசான்று அனுமதி அறிமுகமானது. வாங்குபவருக்கு இவற்றால் பாதுகாப்பும் விரைவும் கூடியிருப்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் முடிவை ஊரைவிட்டு மேலும் சற்றுத் தள்ளியே வைத்தது.

முடிவுரை

பழைய முறை ஊராட்சித் தலைவர் ஒருவரின் கையெழுத்தில் அடங்கியது. புதிய முறை துறை அலுவலகத்தில் அடங்குகிறது. இரண்டிலும் கிராம சபைக்கு இடமில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 110ஆவது பிரிவு சாலை, தெருவிளக்கு, வடிகால், சுடுகாடு ஆகியவற்றை ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது. கடமை இருக்கும் இடத்தில் கருத்துச் சொல்லும் உரிமையும் இருக்க வேண்டும். தொழில்நுட்ப ஒப்புதலுக்கு முன் மனைப்பிரிவு வரைபடத்தைக் கிராம சபையில் வைத்து, குடிநீர் ஆதாரம், மழைநீர் வடியும் திசை, ஏரி வரத்துவாய்க்கால் ஆகிய மூன்றையும் பற்றி ஊரின் கருத்தைப் பதிவுசெய்வதை விதிகளில் கட்டாயமாக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் விதிகளில் ஒரு திருத்தம் போதும்.