வழி காட்டினவர் பேர் என்ன?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

காலை ஆறு மணி. தர்மபுரி மாவட்டம் ஏரியூர் பக்கத்துல, நாகமரை பரிசல் துறையில உக்காந்திருக்கேன். எதிரே விரிஞ்சு கிடக்கிறது காவிரி. சரியாகச் சொன்னால், மேட்டூர் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் காவிரி. அக்கரை பண்ணவாடி, சேலம் மாவட்டம்.

இன்னைக்கு ப்ளான் சிம்பிள். காலையில இந்தத் தண்ணீர்க்கரையில பறவை பார்க்கணும். அப்புறம் படகுல அக்கரை, அங்கிருந்து சேலம் வழியா ஏற்காடு. சாயங்காலம் மலைப் பறவைகள். சுமார் 790 அடி உயரத்தில் தொடங்கி 4,900 அடி வரைக்கும் போகிற பயணம். மேலே போகும்போது வெயில் ஏழெட்டு டிகிரி குறையும். கீழே பார்த்த பறவைகளில் பாதி மேலே இருக்காது. ஆற்று ஆலாவையும் சீகாரப் பூங்குருவியையும் ஒரே நாளில் பார்க்க முடியும் என்பதுதான் இந்த ரூட்டின் அழகு.

காலையில நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிட்டு வரலாற்றுக்குள்ள போறேன். கழுத்துல பைனாகுலர் மாட்டிக்கிட்டு தண்ணியையே பார்த்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல இருந்த பரிசல்கார அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காம சொன்னார்: "அந்தப் பக்கம் யாரோ வர்றாங்க தம்பி. ஆள்காட்டி கத்துது கேக்கலையா?" ரெண்டு நிமிஷத்துல மேட்டுக்கு அந்தப்புறத்திலிருந்து ஒரு ஆட்டு மந்தையும் ஓட்டி வர்ற பாட்டியும் வந்தாங்க. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதுக்கு அர்த்தம் இருக்குன்னு தெரியல.

இந்த எபிசோடு அதைப் பத்தித்தான். பறவை பார்க்கப் போனவங்களோட வரலாறு நிறைய இருக்கு. அவங்களுக்கு வழி காட்டினவங்க எங்கே?

துப்பாக்கியோடு ஒரு பறவைப் பயணம்

1929க்குப் போவோம். அப்ப தர்மபுரி மாவட்டம்னு ஒண்ணு கிடையாது. 1965 அக்டோபர் 2ல தான் பிரிஞ்சது. இந்த ஊரெல்லாம் சேலம் மாவட்டம். இந்தியப் பறவைகளைப் பற்றி அதற்குள் நிறைய எழுதப்பட்டுவிட்டது. நீலகிரி, திருவிதாங்கூர் என்று மேற்குத் தொடர்ச்சி மலை மேலே எல்லோருக்கும் ஒரு கண். கிழக்குத் தொடர்ச்சி மலையை யாரும் ஒழுங்காகத் தேடிப் பார்க்கவில்லை.

அதற்குப் பணம் போட முன்வந்தவர் ஆர்தர் வெர்னே. இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் பழம்பொருள் வியாபாரம் செய்தவர். 1883ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த வி. எஸ். லா பெர்சோன் களத்தில் இறங்கிப் பறவைகளைச் சேகரித்தார். கிடைத்ததை வைத்து அறிக்கை எழுதியவர்கள் இருவர்: பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஹியூ விஸ்லர், லண்டன் அருங்காட்சியகத்தின் என். பி. கின்னியர். 1930களில் அந்தக் கழகத்தின் இதழில் பகுதி பகுதியாக வெளிவந்த அந்த 'வெர்னே ஆய்வு'தான் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளுக்கு இன்றும் அடித்தளம்.

அவங்க ரூட் நம்ம ரூட்டுக்கு ரொம்பப் பக்கம். சேர்வராயன் அடிவாரத்தில் குரும்பப்பட்டி (இப்ப உயிரியல் பூங்கா இருக்கிற அதே ஊர்), மேலே சேர்வராயன் மலை, இந்தப் பக்கம் சித்தேரி மலை. சமவெளி, மலை ரெண்டும் வேணும்னு அவங்களும் நினைச்சாங்க. எந்தப் பறவை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

ஒரே ஒரு வித்தியாசம். அவங்க கையில இருந்தது பைனாகுலர் இல்ல, துப்பாக்கி. இது கொடூரமாத்தான் தெரியும். அன்றைய அறிவியலுக்குக் கையில் உடல் வேண்டும்: இறக்கையை அளக்க, நிறத்தை இன்னொரு ஊர்ப் பறவையோடு ஒப்பிட. ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு அட்டை கட்டுவார்கள். அதில் இடம், தேதி, ஆணா பெண்ணா, சேகரித்தவர் பெயர் எல்லாம் இருக்கும். அந்த அட்டைகளால்தான் அந்த ஆண்டுகளில் எந்த மலையில் என்ன இருந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது.

அந்த அட்டையில ஒரு கட்டம் மட்டும் கிடையாது. 'இந்தப் பறவை இங்கே இருக்குன்னு சொன்னது யார்?'

காணாமல் போன 86 வருஷம்

அந்தக் கட்டம் ஏன் முக்கியம்? அதே கிழக்குத் தொடர்ச்சி மலையில், வடக்கே ஆந்திராவுக்குப் போவோம்.

தாமஸ் ஜெர்டன், மதராஸ் ராணுவத்தில் டாக்டர். தென்னிந்தியப் பறவைகளை முதலில் முறையாகப் பட்டியல் போட்டவர்களில் ஒருவர். கடப்பை, நெல்லூர்ப் பக்கம் அவர் கண்ட ஒரு பறவைக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நின்றுவிட்டது. 1848ல் அறிவியல் பெயரும் கிடைத்தது. 1900ல் ஒருமுறை கண்ணில் பட்டது. அதற்கப்புறம் ஆளையே காணோம். வெர்னே ஆய்வுக்காரர்கள் கடப்பைப் பக்கம் போயும் சிக்கவில்லை. அழிந்தே போயிற்று என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

1980களில் பம்பாய் கழகத்தின் பாரத் பூஷண் அங்கே போய், பறவையின் படத்தை ஊர் ஊராகக் காட்டி விசாரித்தார். 1986 ஜனவரியில், ரெட்டிபள்ளி பக்கத்தில், ஐதன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர் ராத்திரி டார்ச் அடித்து ஒன்றைப் பிடித்தார். பகலில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அது ராத்திரியில் நடமாடும் பறவை!

அந்த ஊர்க்காரர்கள் அதை 'கலிவி கோடி' என்கிறார்கள். கலிவி என்றால் களாச்செடி, கோடி என்றால் கோழி. களாப்புதருக்குள்ள இருக்கிற கோழி. பறவை எங்கே இருக்கும்ங்கிற அட்ரஸ் அதோட பேர்லயே இருந்திருக்கு. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. 86 வருஷம்!

அதோட விலை சாதாரணம் இல்ல. இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் அந்தப் புதர்க்காட்டில் ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயம் வந்தது. பின்னால் தெலுங்கு கங்கை கால்வாயின் பாதையையே அந்தப் பறவைக்காக மாற்ற வேண்டியிருந்தது. 'யாரும் பார்க்கல'ன்னு புத்தகத்துல இருந்தா, அந்தக் காட்டைத் தோண்டறது ரொம்ப சுலபம்.

தண்ணிக்கு அடியில் ஒரு கரை

இப்ப திரும்ப நாகமரைக்கு. லா பெர்சோன் சேலத்தில் முகாம் போட்ட அதே 1929ல் மேட்டூர் அணையின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. 1925ல் தொடங்கிய வேலை 1934ல் முடிந்தது. 120 அடிக்குத் தண்ணீர் நிற்கிற நீர்த்தேக்கம். ஊர்கள் முழுகின. தண்ணீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய சர்ச் கோபுரமும் நந்தி சிலையும் வெளியே வருமே, போட்டோ பார்த்திருப்பீங்க.

ஊர்களோடு ஆற்றுக்கரையும் போயிற்று. ஆற்று ஆலா முட்டையிடுவது கோடையில் தலைகாட்டும் மணல்திட்டில். அணைக்கு முன்னால இந்தக் கரையில் எங்கெங்கே அப்படித் திட்டு இருந்தது, எந்த மாசம் எந்தப் பறவை வந்தது என்பதெல்லாம் பரிசல் ஓட்டினவர்களுக்கும் மீன் பிடித்தவர்களுக்கும் தெரிந்த விஷயம். கரை முழுகினப்போ அந்த விவரமும் கூடவே முழுகிடுச்சு. இன்றைக்குத் தண்ணீர் இறங்கும்போது புதுசா சேறு தெரியுது, புதுசா பறவைகள் வருது. அதையும் தினமும் பார்க்கிறவர் அதே பரிசல்காரர்தான்.

நம்ம பட்டியல்ல என்ன எழுதறோம்?

துப்பாக்கி போயிடுச்சு. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்ப போன்ல இபேர்டு இருக்கு. 2015லிருந்து பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. பறவை, எண்ணிக்கை, இடம், நேரம் எல்லாத்துக்கும் அதுல கட்டம் இருக்கு. வழி காட்டினவருக்கு? இன்னும் தனிக் கட்டம் இல்ல. ஆனா 'குறிப்புகள்'னு ஒரு பெட்டி இருக்கு. அதை நாம காலியா விட்டுட்டு வந்துடறோம்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஏற்காடு போனாலும் ஏரியூர் வந்தாலும், கைடு, டிரைவர், டீக்கடை அக்கா, ஆடு மேய்க்கிறவங்க யாராவது ஒரு பறவையைக் காட்டினா, ரெண்டு கேள்வி கேளுங்க. "இதை இங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?" அப்புறம், "உங்க பேர் என்ன, எழுதிக்கலாமா?" ரெண்டாவது கேள்விக்கு அவங்க வேண்டாம்னாலும் முதல் பதிலை எழுதிடுங்க.

பரிசல்கார அண்ணன்கிட்டயும் கேட்டேன். ரெக்கார்டிங்ல பேர் வேணாம், நோட்டுல எழுதிக்கோன்னார். எழுதியாச்சு: காலை 6.20, நாகமரை, ஆள்காட்டி 2, பக்கத்துல அவர் பேரு.

படகு கிளம்புது. மலை மேல இருந்து அடுத்த பகுதியில் பேசறேன்.