இரைச்சல் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் பேரனோடு ஒரு சூப்பர்ஹீரோ படம் பார்த்துவிட்டு வந்த கையோடு இங்கே நாலு வரி எழுதினேன். "இந்தக் காலத்து சூப்பர்ஹீரோ படங்களில் இசை எங்கே இருக்கிறது? வெறும் இரைச்சல். பழைய சூப்பர்மேன் மெட்டு மாதிரி வருமா?" நிறையப் பேர் லைக் போட்டீர்கள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து, இப்போது ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவன் மட்டும் கீழே இப்படி எழுதினான்: "ஐயா, சான்று பார்க்காம தீர்ப்பு எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. இதுல எத்தனை படத்தோட இசையைத் தனியா உட்கார்ந்து கேட்டீங்க?"

உண்மையைச் சொன்னால், ஒன்றுகூடக் கேட்டதில்லை. படம் ஓடும்போது காதில் விழுந்ததோடு சரி. முப்பது வருடம் வரலாறு நடத்தியவனுக்கு இது வெட்கம்தான். அவனிடமே பட்டியல் வாங்கினேன். பேரன் ஹெட்போனை மாட்டிவிட்டான். மூன்று வாரம், தினமும் காலை நடைக்குப் பிறகு ஒரு மணி நேரம், காலவரிசைப்படி கேட்டேன். கேட்டதையும், அதையொட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

சூப்பர்மேன் முதலில் வந்தது 1938இல், காகிதத்தில். திரைக்கு வந்தது 1941 செப்டம்பரில், ஃப்ளைஷர் கூடத்தின் கார்ட்டூன் படமாக. அதற்கு சாமி டிம்பெர்க் போட்ட இசை ஓர் அணிவகுப்பு மெட்டு. அடுத்த மூன்று மாதத்தில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். அமெரிக்கா போருக்குள் போனது. நாயகன் வந்தால் அணிவகுப்பு இசை ஒலிக்க வேண்டும் என்ற பழக்கம் அந்தக் காலத்திலேயே உண்டு.

அடுத்து 1966, பேட்மேன் தொலைக்காட்சித் தொடர். கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவுக்கு இசை எழுதிப் பெயர் பெற்ற நீல் ஹெஃப்டிதான் அதன் தலைப்பு இசையை அமைத்தார். பன்னிரண்டு தாள அளவு கொண்ட ப்ளூஸ் வடிவம். அதில் பாடப்படும் சொல் ஒன்றே ஒன்று: நாயகனின் பெயர். வேறு வரி கிடையாது. கேட்டால் சிரிப்பு வரும். தொடரே கேலியும் கிண்டலுமாக எடுக்கப்பட்டதுதான். ஆனாலும் ஹெஃப்டிக்கு அது கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. இந்த இசை பெயரைச் சொல்லி அழைக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி என் செல்லப்பிள்ளை: 1978 சூப்பர்மேன். ஜான் வில்லியம்ஸ் இசை, லண்டன் சிம்பனி இசைக்குழு வாசிப்பு. நாற்பது வருடம் கழித்து ஹெட்போனில் கேட்டபோதும் சிலிர்த்தது. ஏன் என்று இப்போது புரிகிறது. ஸட்ஜம், பஞ்சமம் என்று சுருதிப்பெட்டியில் நாம் கேட்டுக்கேட்டுப் பழகிய அந்த இடைவெளிதான் இந்த மெட்டின் முதுகெலும்பு. அதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. ட்ரம்பெட்டுகள் உச்சிக்கு ஏறும்போது 'சூ-பர்-மேன்' என்று மூன்று அசையில் கூப்பிடுவதுபோல் இருக்கும். இயக்குநர் ரிச்சர்ட் டோனரும் இதையே சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டையும் பாருங்கள். வாட்டர்கேட் ஊழலில் 1974இல் நிக்சன் பதவி விலகினார். 1975இல் வியட்நாம் போர் அமெரிக்காவுக்குத் தோல்வியாக முடிந்தது. மூன்று வருடம் கழித்து இப்படி ஒரு மெட்டு. தன்மேல் நம்பிக்கை தளர்ந்த நாடு, நம்பிக்கை தளராத ஒருவனைக் கேட்க ஆசைப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கேதான் என் முதல் தவறு தெரிந்தது. இந்த இசை ஆஸ்கருக்குப் போட்டியிட்டுத் தோற்றது. வென்றது 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்' படத்துக்காக ஜார்ஜியோ மொரோடர் செய்த எலெக்ட்ரானிக் இசை. அதாவது நான் 'இந்தக் காலத்து இரைச்சல்' என்று எழுதினேனே, அந்த வகை ஒலி 1979லேயே என் சூப்பர்மேனை மேடையில் வென்றிருக்கிறது. பொற்காலம் என்று நான் நினைத்த வருடத்திலேயே இரண்டும் அருகருகே இருந்திருக்கின்றன. எல்லாக் காலத்தையும் 'அந்தக் காலம்', 'இந்தக் காலம்' என்று இரண்டாக வெட்டாதீர்கள் என்று உங்களுக்குச் சொன்னவன் நான்தான்!

1989 பேட்மேன், டிம் பர்ட்டன் இயக்கியது. இசை டேனி எல்ஃப்மன். ராக் குழு நடத்தியவர், முறையாக இசைக்கல்லூரியில் படித்தவர் அல்ல. லண்டனில் படப்பிடிப்பைப் பார்த்துவிட்டு விமானத்தில் திரும்பும்போது மெட்டு மனதில் ஓடத் தொடங்க, கழிப்பறைக்குள் போய்ச் சின்ன டேப் ரெக்கார்டரில் வாயால் முனகிப் பதிவு செய்தாராம். அவரே பலமுறை சொன்ன கதை. மெட்டு மொத்தம் ஐந்து சுரம். கீழிருந்து படி ஏறி, ஒரு தாவு தாவி, முடியும்போது அரை சுரம் சறுக்கி நிற்கும். வில்லியம்ஸின் மெட்டு வெயிலில் நிற்கிறது என்றால் இது மழை இரவில் நிற்கிறது. அழகான இசை. இரண்டு முறை கேட்டேன்.

முனகலைப் பெரிய இசைக்குழு வாசிக்கும்படி விரித்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் பார்டெக். குழுவை நடத்தியவர் ஷெர்லி வாக்கர் என்ற பெண்மணி. இந்த ஷெர்லி வாக்கர்தான் 1992இல் வந்த பேட்மேன் கார்ட்டூன் தொடரின் இசைக்குத் தலைமை தாங்கினார். தொண்ணூறுகளின் பிள்ளைகள் பலரது மனதில் இருக்கும் பேட்மேன் இசை அந்த அம்மையாருடையது. எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கு மூன்று வாரத்துக்கு முன் தெரியாது.

2005 'பேட்மேன் பிகின்ஸ்'. ஹான்ஸ் சிம்மர், ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் இருவரும் சேர்ந்து செய்தது. மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு: அந்த ஆல்பத்தின் இசைத்துண்டுகள் அத்தனைக்கும் வௌவால் இனங்களின் அறிவியல் பெயர்களை வைத்திருக்கிறார்கள். 4ஆவது துண்டிலிருந்து 9ஆவது வரை முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் பேட்மேன் என்று வரும்.

இசைக்கு வருவோம். ஐந்து சுரம் இங்கே இரண்டாகக் குறைந்துவிட்டது. ஒரு சுரம் நீண்டு நிற்கிறது, அடுத்தது அதற்கு மேலே எழுகிறது, அவ்வளவுதான். மூன்றாவது வரும் வரும் என்று காது காத்திருக்கிறது. வராது. தியேட்டரில் இது எனக்கு வறுமையாகத் தெரிந்தது. தனியாகக் கேட்டபோது வேறுமாதிரி இருந்தது. பெற்றோரைக் கண்ணெதிரே இழந்த ஒரு சிறுவன் முகமூடி போட்டுக்கொண்டு அலைகிறான். அவன் கதையில் எதுவும் முடியவில்லை. அப்படி இருக்க, மெட்டு மட்டும் எப்படி முடியும்?

மூன்று வருடம் கழித்து, 2008இல், 'தி டார்க் நைட்'. அதில் ஜோக்கருக்கு ஒரே ஒரு சுரம். செல்லோவின் ஒற்றைத் தந்தியில் பிறந்து, மெல்ல மெல்ல இறுகி, பல்லைக் கூச வைக்கிறது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் துண்டு. முதல் நாள் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். மறுநாள்தான் முழுவதும் கேட்டேன். பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரைச்சல் என்று இனி சொல்ல மாட்டேன். காரணமே சொல்லாமல் ஊரைக் கொளுத்துகிறவனுக்கு மெட்டு கொடுத்தால் அவனுக்குக் காரணம் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

ஆக, 1978இல் முழு அணிவகுப்பு, 1989இல் ஐந்து, 2005இல் இரண்டு, 2008இல் ஒன்று. மெட்டுப் போடத் தெரியாமல் குறைந்தது என்று நினைத்திருந்தேன். நாயகன் மீதான நிச்சயம் குறையக் குறைய, அதைப் பின்தொடர்ந்து மெட்டும் குறைந்திருக்கிறது.

'டார்க் நைட்' விஷயத்தில் இன்னொரு சம்பவம் உண்டு. இசைக்குறிப்புப் பட்டியலில் இசையமைத்தவர்கள் என்று ஐந்து பேர் பெயர் இருந்தது: சிம்மர், ஹோவர்ட், அவர்களோடு இசைத் தொகுப்பாளர், ஒலி வடிவமைப்பாளர், மற்றொரு இசையமைப்பாளர். ஐந்து பெயர் கூடாது என்று ஆஸ்கர் அகாதமி அதைப் போட்டியிலிருந்தே முதலில் விலக்கிவிட்டது. பிறகு முடிவை மாற்றிக்கொண்டது. ஆனாலும் இறுதிப் பட்டியலில் அந்தப் படம் இடம்பெறவில்லை. உழைத்தவர்களின் பெயரை மறைக்காமல் எழுதியதற்கு வந்த சங்கடம் இது. 'இசையமைத்தவர் யார்?' என்று எத்தனையோ விநாடி வினாக்களில் ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரு பெயரை எழுதினால் சரி, இரண்டு எழுதினால் தவறு. இனி அப்படித் திருத்த மாட்டேன்.

சரி, என் புகார் முழுக்கவே பொய்யா? இல்லை. ஒரு பகுதி நிற்கிறது. அயர்ன்மேன் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் ரமின் ஜவாதி, 2010இல் ஜான் டெப்னி, 2013இல் பிரையன் டைலர். ஒரே நாயகன், மூன்று படம், மூன்று இசையமைப்பாளர், மூன்று மெட்டு. டைலரின் மெட்டு நன்றாகவே இருக்கிறது. ஆனால் மனதில் ஊன்ற நேரம் கொடுக்கவில்லையே! இதற்கு நேர்மாறு ஆலன் சில்வெஸ்ட்ரி. 2012இல் 'அவெஞ்சர்ஸ்' படத்துக்கு அவர் போட்ட மெட்டை 2018லும் 2019லும் அவரே திரும்பக் கொண்டுவந்தார். 'எண்ட்கேம்' படத்தில் மறைந்துபோனவர்கள் எல்லாரும் கூட்டமாகத் திரும்பி வரும் இடத்தில் அந்த மெட்டு எழும்போது தியேட்டரில் பிள்ளைகள் கத்தினார்கள், சிலர் அழுதார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து 'இதில் என்ன இருக்கிறது' என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏழு வருடம் இருந்தது. எனக்குத்தான் அந்த ஏழு வருடம் இல்லை. ஒரு மெட்டு நிலைக்க அது திரும்பத் திரும்ப வர வேண்டும். வாய்ப்பாடு மாதிரிதான்.

கடைசியாக 2018, 'பிளாக் பாந்தர்'. இசை ஸ்வீடன்காரரான லுட்விக் யோரான்சன். அறையில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைக் கற்பனை செய்யாமல் செனகலுக்கே போனார். பாடகர் பாபா மாலோடு ஊர் ஊராகச் சுற்றினார். தென்னாப்பிரிக்காவில் உள்ள சர்வதேச ஆப்பிரிக்க இசை நூலகத்துக்கும் போய்ப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த கருவிகளில் ஒன்று தாமா என்ற பேசும் முரசு. நம் உடுக்கையைப்போல இடை சிறுத்தது. அக்குளில் இடுக்கிக் கயிறுகளை அழுத்தினால் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். பேச்சின் ஏற்ற இறக்கத்தையே வாசித்துக் காட்டலாம். படத்தில் அதை வாசித்தவர் மசாம்பா டியோப் என்ற கலைஞர். நாயகனான 'ட்சல்லா'வின் பெயரைத்தான் அந்த முரசு சொல்கிறது.

அந்த இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டேன். 1966இல் குரல்கள் பெயர் சொல்லி அழைத்தன. 1978இல் ட்ரம்பெட் அழைத்தது. நடுவில் முப்பது வருடம் சுருங்கிச் சுருங்கி ஒற்றைச் சுரம்வரை வந்தது. இதோ 2018இல் ஒரு முரசு மறுபடியும் பெயர் சொல்லி அழைக்கிறது. இந்த இசை 2019இல் ஆஸ்கர் வென்றது. ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் பின்னணி இசைக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை.

வரலாற்று வாத்தியாராக ஒரு குறையும் சொல்ல வேண்டும். வகாண்டா கற்பனை நாடு. அங்கே பேசும் மொழி தென்னாப்பிரிக்காவின் கோசா. ஒலிக்கும் முரசோ மேற்கே செனகலின் தாமா. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். ஆப்பிரிக்கா ஒரு நாடு அல்ல, கண்டம் என்று வரைபடத்தை விரித்து எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஆனாலும் ஒன்றைப் பாராட்டுகிறேன். அந்த ஒலியைக் கணினியில் போலியாகச் செய்யாமல், வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் போய் வாசிக்க வைத்தார்கள்.

என் தீர்ப்பைத் திருத்தி எழுதுகிறேன். 'இரைச்சல்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். 'மெட்டை நிலைக்க விடாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்' என்ற புகாரை மட்டும் வைத்துக்கொள்கிறேன். போன மாதப் பதிவை நீக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். அதன் கீழே இதன் இணைப்பைக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி கேட்ட மாணவனுக்கு நன்றி. தம்பி, கொடுத்த பட்டியலில் இன்னும் ஆறு ஆல்பம் பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் தொடங்குகிறேன். மற்றவர்கள் உங்கள் மனதில் நின்ற மெட்டு எது, எந்த வயதில் கேட்டது என்று கீழே எழுதுங்கள். இசையமைத்தவர் பெயரோடு, கூட வாசித்தவர்களில் ஒருவர் பெயரையாவது தேடிப் பார்த்து எழுதுங்கள். அதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு ஐயா