வில்காக்ஸ் கவுண்டி (அலபாமா)

அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில், கரிசல் வட்டாரம் என்று சொல்லத்தக்க 'பிளாக் பெல்ட்' பகுதியில் உள்ள நாட்டுப்புறக் கவுண்டி. தலைமையிடம் கேம்டன். மக்கள்தொகை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும். 1814ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கிரீக் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில், 1819 டிசம்பரில் இது அமைக்கப்பட்டது. கிரீக் போரில் இறந்த ஜோசப் வில்காக்ஸ் என்ற படை அதிகாரியின் பெயரைத் தாங்கியுள்ளது.

இக்கவுண்டியின் கதையை ஆற்றிலிருந்து தொடங்குவதே முறை. அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த நிலம் ஜீஸ் பெண்ட். 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845இல் அது மார்க் பெட்வே கைக்கு மாறியது. வட கரோலினாவிலிருந்து சுமார் நூறு அடிமைகளை அவர் நடக்கவைத்தே அழைத்து வந்தார். விடுதலைக்குப் பிறகும் அவர்களின் சந்ததியார் அதே மண்ணில் வாரக்குடிகளாக இருந்தனர். ஊரில் பலருக்கு இன்றும் பெட்வே என்பதே குடும்பப் பெயர்.

விதைக்கும் உணவுக்கும் கடைக்காரரிடம் பற்று வாங்கி, பருத்தி விற்றதும் அடைப்பது வழக்கம். 1920களில் பருத்தி விலை விழுந்தது. பற்று ஏறிக்கொண்டே போனது. 1932இல் கடைக்காரர் இறந்ததும் அவர் குடும்பத்தார் சுமார் 60 வீடுகளில் புகுந்து மாடு, கோவேறு கழுதை, கலப்பை, சேமித்த தானியம் வரை அள்ளிச் சென்றனர். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுதான் தாங்கியது. பின்னர் கூட்டரசு அந்நிலத்தை வாங்கி, வீடு கட்டி, குறைந்த வட்டியில் குடிகளுக்கே விற்றது. தென்பகுதிக் கறுப்பின உழவர்களுக்குச் சொந்த நிலம் அரிதாக இருந்த காலத்தில் இது பெரிய வரம். பின்னாளில் வாக்குரிமைக்காகத் துணிந்து நிற்க முடிந்ததற்கும் அந்த நிலமே காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆர்தர் ராத்ஸ்டைன் 1937இல் எடுத்த புகைப்படங்களில் அன்றைய வாழ்க்கையைக் காணலாம்: மரக்கட்டை வீடுகள், காற்றைத் தடுக்கச் சுவரில் ஒட்டிய செய்தித்தாள்கள். அந்தக் குளிருக்காகவே பெண்கள் கிழிந்த வேலை உடைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தனர். 1942இல் மிசௌரி பெட்வே, இறந்த கணவரின் வேலை உடைகளைப் பிரித்து மகளோடு சேர்ந்து ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும், வெயில் படாத பையின் அடர்நிறமும் அதில் அப்படியே தெரிகின்றன. கலை என்று யாரும் பெயர் வைக்காதபோதே அது உயர்ந்த கலை.

அக்காலத்தில் கவுண்டி மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கறுப்பினத்தவர். ஆயினும் 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. பதிவு செய்ய ஜீஸ் பெண்ட் மக்கள் ஆற்றைக் கடந்து கேம்டன் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். 1962இல் படகு சேவையே நிறுத்தப்பட்டது. கண்ணெதிரே தெரியும் ஊருக்குச் சாலை வழியே சுமார் 40 மைல் சுற்ற வேண்டியதாயிற்று. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். 1968இல் இறுதி ஊர்வலத்தில் அவர் உடலைச் சுமந்த வண்டியை இழுத்தவை ஜீஸ் பெண்ட் கோவேறு கழுதைகளே.

1966இல் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்னும் பெண்கள் கூட்டுறவு தொடங்கியது. 1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் தலையணை உறைகளுக்கு வேலை கொடுத்தது. மிஞ்சிய துண்டுகள் வீட்டுப் போர்வைகளாயின. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் இப்போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை இப்போர்வைகளின் படத்துடன் பத்துத் தபால்தலைகள் வெளியிட்டது.

அதே 2006இல், 44 ஆண்டுகளுக்குப் பின், படகு மீண்டும் ஓடத் தொடங்கியது. 2019 முதல் அது மின்கலத்தில் இயங்குகிறது.